இரவில் ஐந்து கேள்விகள்: ஓர் ஆத்துமசோதனைக் குறிப்பேட்டுடன் ஓராண்டு

ஓராண்டாக இரவுதோறும் நான் எழுதிவந்த ஜெபக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் சென்ற வாரம் நிறைந்தது. கிறிஸ்தவர்கள் தங்கள் நாளைத் தேவனுக்கு முன்பாகத் திரும்பிப் பார்ப்பதற்கென்றே கேள்விகளை அச்சிட்டு, எழுதுவதற்கு வரிகள் விட்டுத் தயாரித்த குறிப்பேடு அது. வாங்கலாமா என்று என்னிடம் கேட்ட சிலருக்கு வாய்மொழியாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். சாதாரணக் குறிப்பேடாக இருந்தால் தாளையும் தையலையும் பார்த்து மதிப்பிட்டுவிடலாம். விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிக்க உதவும் என்று சொல்லி விற்கப்படும் பொருள் ஆகையால், அது என் நடத்தையில் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை, எங்கே என்னைத் தவறான பக்கம் இழுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விரித்துவைத்தால் இடப்பக்கம் காலைக்கு உரியது: ஒரு வேதவசனமும், அதன்கீழ் "இன்று நான் சந்திக்கப்போகிறவர்கள்" என்ற தலைப்பில் மூன்று வரிகளும் இருக்கும். வலப்பக்கம் இரவுக்கு உரியது. இன்று எதற்காக நன்றி சொல்கிறேன், எதைப் பார்க்கத் தேவனிடம் வெளிச்சம் கேட்கிறேன், காலைமுதல் என்ன நடந்தது, எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், நாளை யாரிடம் போகவேண்டும் என்ற ஐந்து கேள்விகள் அங்கே வரிசையாக வருகின்றன. அவற்றின் கீழே "இன்று செய்த நன்மை" என்று ஒரு கட்டமும், பத்துக்கு இத்தனை என்று அன்றைய நாளை மதிப்பிட ஒரு சிறு வட்டமும் உள்ளன. இந்தக் கடைசி இரண்டைப் பற்றி எனக்குக் கடுமையான மனத்தாங்கல் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து கேள்விகளும் பதிப்பகத்தாரின் சொந்தக் கற்பனை அல்ல; அவர்களே முன்னுரையில் அதை ஒப்புக்கொள்கிறார்கள். 1521இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது மனந்திரும்பியவரும், பின்னாளில் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவியவருமான இலொயோலா இஞ்ஞாசியார், பின்னர் மன்ரேசா என்னும் ஸ்பானிய ஊரில் ஜெபத்தில் கழித்த மாதங்களிலிருந்து உருவாக்கிய ஆன்மீகப் பயிற்சிகளில், ஆத்துமசோதனைக்கு ஏறத்தாழ இதே ஐந்து படிகளை வகுத்தார். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் அந்தப் பயிற்சிகளுக்கு ஒப்புதல் அளித்தார். நன்றி சொல்வது, பாவத்தை அறியக் கிருபை கேட்பது, எழுந்த நேரம் முதல் மணிமணியாக ஆத்துமாவிடம் கணக்குக் கேட்பது, மன்னிப்பு வேண்டுவது, திருத்திக்கொள்ளத் தீர்மானிப்பது என்பவை அவர் வகுத்த படிகள். காகிதத்தில் குறிப்பதும் அவரிடமே இருந்தது. ஒருவர் விட்டொழிக்க நினைக்கும் குறிப்பிட்ட ஒரு குற்றத்துக்காக, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரைந்துகொண்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைத்து, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடச் சொன்னார். நான் சீர்திருத்தத் திருச்சபையில் வளர்ந்தவன். இஞ்ஞாசியாரின் பெயரைச் சிறுவயதில் கேட்டதே இல்லை. ஆனால் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாமல் படுக்கையிலே இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருக்கச் சொல்லும் நான்காம் சங்கீதமும், நம் வழிகளைச் சோதித்து ஆராய்ந்து கர்த்தரிடத்தில் திரும்பக்கடவோம் என்னும் புலம்பல் 3:40உம் எந்த ஒரு சபைப்பிரிவுக்கும் தனிச்சொத்து அல்ல என்பதால், தயக்கமில்லாமல் எழுதத் தொடங்கினேன்.

நன்றி முதலில் வருவதன் பயனை உணர எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. தொடக்கத்தில் அதை அவசரமாக நிரப்பிவிட்டு, உண்மையான வேலை என்று நான் நினைத்த மூன்றாம் கேள்விக்குத் தாவிவிடுவேன். "குடும்பம், ஆரோக்கியம், வேலை" என்று ஒரே மூன்று சொற்கள் இருபது நாட்கள் தொடர்ந்து இருப்பதைக் கண்டபோதுதான், நான் நன்றி சொல்லவில்லை, படிவம் நிரப்புகிறேன் என்று புரிந்தது. அதன்பின் அன்றைக்கு மட்டுமே உரிய ஒன்றைத்தான் எழுதுவது என்று விதித்துக்கொண்டேன்: நீண்ட நாள் பேசாதிருந்த நண்பர் எடுத்த தொலைபேசி அழைப்பு, மகள் கணக்குப் பாடத்தில் சிக்கியபோது நான் கத்தாமல் இருந்த பத்து நிமிடங்கள். இப்படி எழுதிய இரவுகளில், அடுத்து வரும் குற்றங்களின் பட்டியலை ஒரு தகப்பனுக்கு முன்பாக நிற்பவனாக எழுத முடிந்தது. எழுதாத இரவுகளில் விசாரணை அதிகாரிக்கு முன்பாக நிற்பவனாகவே எழுதினேன்.

மூன்றாம் கேள்விக்கு ஒன்பது வரிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். குறிப்பேட்டின் மிகச் சிறந்த பகுதி அதுவே. மற்ற தியானக் குறிப்பேடுகளில் "இன்று தேவன் உங்களிடம் என்ன பேசினார்?" என்பது போன்ற பரந்த கேள்விகள்தான் இருக்கும், நானும் அவற்றுக்கு அழகான வாக்கியங்களை எழுதி மனநிறைவோடு தூங்கியிருக்கிறேன். இங்கே ஓரத்தில் மணிகளை அச்சிட்டிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு யாருடன் இருந்தேன், பதினொரு மணிக்கு என்ன பேசினேன், மாலை ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று ஓரம் கேட்டுக்கொண்டே இருப்பதால், பொதுவான பக்தி வாக்கியங்களுக்கு அங்கே இடமில்லை.

அது எனக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். நான்காம் மாதத்தில் ஒருநாள், நான் பணிபுரியும் இடத்தில் ஒரு அறிக்கையின் தவறான எண்களைப் பற்றி விசாரணைக் கூட்டம் நடந்தது. எனக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர் தயாரித்த அறிக்கை அது. ஆனால் அந்த எண்களை அவருக்கு அனுப்பியது நான். தவறு அவருடையது என்று நான் சொல்லவில்லை. மேலாளர் அவரைப் பார்த்துக் கேட்டபோது நான் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அன்று மாலை அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பொய் சொல்லாததால் என் மனச்சாட்சி அமைதியாகவே இருந்தது. இரவில் குறிப்பேட்டைத் திறந்து பதினொரு மணிக்கு எதிரே "கூட்டம்" என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று யோசித்தபோது எழுதுவதற்கு எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அந்த வெற்று வரிதான் என்னைக் குற்றவாளியாக்கியது. ஐந்தாம் கேள்வியில் அவர் பெயரின் முதலெழுத்தை எழுதினேன். மறுநாள் காலை முதலில் அவரிடமும், பிறகு மேலாளரிடமும் போனேன். "பரவாயில்லை சார், இதையெல்லாம் யார் வந்து சொல்வார்கள்" என்று அந்த இளைஞர் சொன்னது என்னை ஆறுதல்படுத்தவில்லை. எங்கள் வேலையிடத்தில் ஒருவர் உண்மையைச் சொல்வது அவருக்கு இவ்வளவு வியப்பாக இருக்கிறதே என்று வெட்கமாகவே இருந்தது, ஏனென்றால் நான் கிறிஸ்தவன் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"நாளை யாரிடம் போகவேண்டும்?" என்ற அந்த ஐந்தாம் கேள்வியை எழுதியவர் மத்தேயு 5:23, 24ஐ நன்றாகப் புரிந்துகொண்டவராக இருக்கவேண்டும். பலிபீடத்தினிடத்தில் காணிக்கை கொண்டுவந்தவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகவேண்டும் என்று ஆண்டவர் சொன்னார். ஜெபத்தின் நடுவிலிருந்து எழுந்து போகச் சொல்லும் வசனம் அது. வரி வசூலிப்பவனாகிய சகேயுவின் மனந்திரும்புதலும், ஏழைகளுக்குப் பாதி, அநியாயமாய் வாங்கியவர்களுக்கு நாலத்தனை என்று தொகையோடும் ஆட்களோடும்தான் சொல்லப்படுகிறது. "என் பொறுமையின்மையை மன்னியும்" என்று நான்காம் கேள்வியில் எழுதுவதோடு நிறுத்த என் மனம் எப்போதும் விரும்பியது. பொறுமையிழந்து பேசியது இன்ன மனிதரிடம் என்று அடுத்த வரி நினைவூட்டிக்கொண்டே இருந்தது. ஓராண்டில் அந்த வரியை நான் நாற்பத்தொரு தடவை நிரப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தபோது அவற்றில் இருபத்தாறு தடவை உண்மையில் போயிருக்கிறேன். மற்ற பதினைந்தில் பெரும்பாலானவை இரண்டே மனிதர்களின் முதலெழுத்துகள்.

காலைப் பக்கத்தின் மூன்று வரிகள் எளிமையானவை. நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். முதல் சில வாரங்களில் நான் அங்கே எழுதியவர்கள் எல்லோரும் எனக்கு முக்கியமானவர்கள்: மேலாளர், வாடிக்கையாளர், மருத்துவர். எங்கள் கட்டடத்தின் படிகளைத் தினமும் துடைக்கும் அம்மாவைச் சந்திக்காத காலை ஒன்றுகூட இல்லை. அவர் அந்தப் பட்டியலில் வர ஏழு வாரங்கள் ஆயின. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்னும் லேவியராகமம் 19:13, அவர் பெயரை எழுதிய நாளில்தான் எனக்கு வெறும் பழைய ஏற்பாட்டுச் சட்டமாக இல்லாமல் போயிற்று, ஏனென்றால் மாதச் சம்பளத்தை "நாளைக்குத் தருகிறேன்" என்று நானும் சில தடவை தள்ளிப்போட்டிருந்தேன்.

இனி குறைகள். "இன்று செய்த நன்மை" என்ற கட்டமும் மதிப்பெண் வட்டமும் இந்தக் குறிப்பேட்டில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தர்மஞ்செய்யும்போது வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கச் சொன்னவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு, வலதுகை செய்ததை அதே வலதுகையால் எழுதி வைக்கும்படி ஒரு கட்டம் தருவதை எப்படி நியாயப்படுத்துவது? மத்தேயு 25இல் நீதிமான்கள் "ஆண்டவரே, எப்பொழுது?" என்று கேட்கிறார்கள், பசியாயிருந்தவருக்குப் போஜனம் கொடுத்தது அவர்கள் கணக்கில் இல்லவே இல்லை. கணக்கு வைத்திருந்தவர் லூக்கா 18இல் தேவாலயத்தில் நின்று ஜெபித்த பரிசேயர்: வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம். இந்தக் கட்டத்தை நிரப்பிய முதல் மூன்று மாதங்களில் என்னிடம் நடந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மாலையாகியும் அதில் எழுத ஒன்றும் இல்லையே என்ற எண்ணத்தில், வீட்டுக்கு வரும் வழியில் ஒருவருக்கு உதவினேன். உதவி உண்மையானது, ஆனால் அவருக்கு முன்னால் நின்றபோது என் மனக்கண்ணில் அவர் முகம் இல்லை, அந்தக் கட்டம் இருந்தது. அதற்குப் பிறகு அதை நிரப்புவதை நிறுத்திவிட்டேன்.

இஞ்ஞாசியாரே புள்ளி வைக்கச் சொன்னாரே என்று பதிப்பகத்தார் வாதிடலாம். அவர் எண்ணச் சொன்னது ஒருவர் விடத் துடிக்கும் ஒரு குற்றத்தின் தடவைகளை. ஒரு மனிதனின் முழு நாளையும் பத்துக்கு ஆறு என்று நிறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வாழ்க்கையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1729 முதல் ஆக்ஸ்போர்டில் கூடிய அவருடைய சிறு குழுவைப் போலத் தங்களைச் சோதித்தவர்கள் அரிது. வெஸ்லி மணிக்கு மணி நாட்குறிப்பு எழுதியவர். அப்படிப்பட்டவருக்கு இரட்சிப்பின் நிச்சயம், 1738 மே 24 அன்று ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. கிறிஸ்துவை மாத்திரமே தான் நம்புகிறதாக அப்போது உணர்ந்ததாக எழுதினார். அதன்பின் அவர் ஒழுங்கைக் கைவிடவில்லை. ஒழுங்கின்மேல் சாய்ந்துகொள்வதைக் கைவிட்டார். லூத்தர் தாமே 1529இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசம் என்னும் போதனை நூலில், காலை ஜெபம் முடிந்ததும் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகவும், இரவு ஜெபம் முடிந்ததும் உடனே மகிழ்ச்சியோடு தூங்கவும் சொல்கிறார். உடனே தூங்கு என்பது எனக்கு மிகவும் பிடித்த ஆவிக்குரிய ஆலோசனைகளுள் ஒன்று. நான்காம் கேள்வியில் மன்னிப்பைக் கேட்டுப் பெற்றவனை, அதற்குக் கீழே மதிப்பெண் போடவைத்துத் தூங்கவிடாமல் செய்கிறது இந்தக் குறிப்பேடு.

வசனத் தெரிவிலும் கவனம் போதவில்லை. அன்றாட வாழ்க்கைக்கென்று சொல்லிக்கொள்ளும் புத்தகத்தில், யாக்கோபின் நிருபத்திலிருந்து மொத்தம் நான்கே வசனங்கள் இருக்கின்றன. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவரைச் "சமாதானத்தோடே போங்கள்" என்று அனுப்பிவிடுவதைக் கண்டிக்கும் பகுதி அவற்றில் இல்லை. தேவன் நம்மேல் வைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்னும் எரேமியா 29:11 மட்டும் மூன்று இடங்களில் வருகிறது. அது ஆறுதலான வசனம்தான். ஆனால் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுபது வருஷம் நிறைவேறும் என்று சொன்ன வாக்கியத்தை அடுத்து வருவது அது. அதே கடிதத்தின் ஐந்தாம் வசனம் முதல் ஏழாம் வசனம் வரை, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று தேவன் சொல்கிறார். விரும்பாத ஊரில், விரும்பாத வேலையில், தன்னைப் போல் நம்பாதவர்கள் நடுவில் விசுவாசத்தோடு வாழ்வது எப்படி என்று வேதத்தில் இவ்வளவு நேரடியாகச் சொல்லும் இடங்கள் குறைவு. அதை விட்டுவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் மூன்று தடவை அச்சிட்டிருப்பது வருத்தத்துக்குரியது. கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்னும் பிலிப்பியர் 4:13க்கும் இதே கதிதான். குறைவுபடவும் பரிபூரணமடையவும் போதிக்கப்பட்டேன் என்று பவுல் சொல்லும் பன்னிரண்டாம் வசனம் அச்சில் இல்லாததால், அது ஏதோ வெற்றிக்கான முழக்கம்போல் நிற்கிறது.

குறிப்பேட்டுடன் ஒரு கைபேசிச் செயலியும் வருகிறது. இரவில் நினைவூட்டல் அனுப்புகிறது, எத்தனை நாள் விடாமல் எழுதினோம் என்று எண்ணுகிறது, அந்த எண்ணை மற்றவர்களோடு பகிரச் சொல்கிறது. அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன கட்டளைக்கு இது நேர் எதிரானது என்று எண்ணி, ஒரு வாரத்தில் நீக்கிவிட்டேன். நம் பக்கங்களில் பிறருடைய காரியங்களும் வரும் என்பதால், பாவ அறிக்கையைச் செயலியில் தட்டச்சு செய்யாதீர்கள். காகிதத்திலும் முழுப்பெயர் எழுதாதீர்கள்.

தாள் தடிமனானது, மைப்பேனாவால் எழுதினாலும் மறுபக்கம் ஊறவில்லை. எனக்கு முதலில் வந்த பிரதியில் தையல் விட்டுப் பக்கங்கள் கழன்றுவந்தன. எழுதிக் கேட்டதும் வேறு பிரதி அனுப்பினார்கள். பக்கங்களில் தேதி அச்சிடாமல் விட்டது நல்ல முடிவு. காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாட்களுக்குப் பிறகு திரும்பி வந்தபோது, ஒன்பது வெற்றுப் பக்கங்கள் என்னைக் குற்றஞ்சாட்டாமல், விட்ட இடத்திலேயே குறிப்பேடு காத்திருந்தது.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். மன்னிக்கப்பட்டதை நம்ப முடியாமல் பழைய பாவங்களையே திரும்பத் திரும்பக் கிளறித் தவிக்கும் மனச்சாட்சி சிலருக்கு உண்டு. இஞ்ஞாசியாரே மன்ரேசாவில் அந்தத் துன்பத்தை அனுபவித்தவர்; அறிக்கை செய்துமுடித்த பழைய பாவங்களை மீண்டும் அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானித்த பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது. அப்படிப்பட்டவர்கள் இந்த ஐந்து கேள்விகளைத் தனியாக எடுத்துக்கொள்ளாமல், தங்களை நன்கு அறிந்த ஒரு போதகரோடோ ஆவிக்குரிய வழிகாட்டியோடோ பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. மற்றவர்களுக்கு, அந்தக் கட்டத்தையும் வட்டத்தையும் பொருட்படுத்தாமல் விட முடியுமானால், வாங்கும்படி தயக்கமின்றிச் சொல்வேன். நானும் அடுத்த ஆண்டுக்கு இதையே வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்த நன்மையை அவனும் அடையட்டும் என்ற எண்ணத்தில் என் தம்பியின் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். சில வாரங்கள் கழித்து, "அண்ணா, என்கிட்ட ஏதாவது குறை இருந்தா நேராவே சொல்லியிருக்கலாமே" என்றான். அவனிடம் ஒரு குறையும் இல்லை என்று நான் அவசரமாகச் சொன்ன பதில், அன்றிரவு ஒன்பது வரிகளுக்கு முன்னால் உட்கார்ந்தபோது முழு உண்மையாகத் தோன்றவில்லை. எங்கள் தகப்பனார் படுக்கையில் இருந்த மாதங்களில் பராமரிப்பு முழுவதையும் என்மேல் விட்டுவிட்டான் என்ற மனக்கசப்பு எனக்குள் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. அதை அவனிடம் ஒரு தடவையும் பேசாமல், கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்திருக்கிறேன். போகாத பதினைந்தில் ஆறு தடவை எழுதியிருப்பது அவன் பெயரின் முதலெழுத்துத்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.